பொழுதுபோக்குவழிச் சிகிச்சைப் பணியில் தொடர்ந்து கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள மறுவாழ்வு இல்லங்கள், முதியோர் பராமரிப்பு மையங்கள், சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர மையங்கள் ஆகியவற்றில் பொழுதுபோக்குவழிச் சிகிச்சைப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சில ஆண்டுகள் கழித்துச் சலிப்போடு நிற்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தருமபுரியில் 14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பதில்களில் சில சட்டத்தையும் விதியையும் சார்ந்தவை, பல என் சொந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

இது விளையாட்டுக் காட்டும் வேலைதானே, இதில் ஆயுள் முழுக்கக் கற்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை நோயாளிகளின் உறவினர்கள் கேட்பார்கள், சில வேளைகளில் நம் வீட்டாரே கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லோடு, வேறு வேலை இல்லாதவர் செய்வது என்ற பொருளும் தமிழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் செய்வது என்னவென்றால், ஒருவருடைய உடலியக்கம், கவனம், நினைவு, மனநிலை, பிறரோடு பழகும் திறன் ஆகியவற்றுள் எது குறைந்திருக்கிறது என்று முதலில் ஆய்ந்தறிந்து, அவருக்கு விருப்பமான ஓய்வுநேரச் செயல் ஒன்றின் வழியாக அதை மீட்கவோ, இருப்பது மேலும் குறையாமல் காக்கவோ முயல்வதாகும். ஆய்ந்தறிதல், திட்டமிடல், நடத்துதல், மதிப்பிடல், பதிவு செய்தல் என்று இந்த வேலைக்கு ஐந்து படிகள் சொல்லப்படுகின்றன. நம் ஊரில் மூன்றாவது படியை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்பதுதான் என் நீண்டநாள் வருத்தம்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஆடினாலும் நம் மையத்தில் ஆடினாலும் பலகை ஒன்றுதான். வரிசைக்கு ஏழாக 14 குழிகள், குழிக்கு ஐந்து வைத்தால் 70 முத்துகள், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம். ஆனால் நம் முன்னால் ஒருவர் ஆடும்போது, அவர் முத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கிறாரா அல்லது உள்ளங்கையால் வாரி அள்ளுகிறாரா, இடப்பக்கக் குழிகளைக் காணாமலே தாண்டிப் போகிறாரா, எண்ணிக்கை எந்த இடத்தில் தடுமாறுகிறது, எதிராளி பசுவை எடுக்கும்போது முகம் எப்படி மாறுகிறது, தன் முறைக்காகக் காத்திருக்க முடிகிறதா என்பனவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் பார்க்கக் கண் பழக வேண்டும். எனக்கு அது பழக ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. இன்றும் ஏதேனும் ஒன்று தப்பிப் போகிறது.

இதற்கென்று தனிப் படிப்போ பதிவோ இந்தியாவில் உண்டா?

அமெரிக்காவில் இது தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காயமுற்ற படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் வேரூன்றிய இப்பணிக்கு அங்கே 1981இல் தேசியச் சான்றளிப்புக் குழு ஒன்று அமைந்தது. அதன் தேர்வில் தேறியவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பணி அனுபவத்தோடு 50 மணி நேரத் தொடர்கல்வியையும் காட்டிப் புதுப்பிப்பது அங்கே வழக்கம்.

இங்கே நிலைமை வேறு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறும் 16 வகைப் பணியாளர்களுள் சிறப்பாசிரியர், மறுவாழ்வு உளவியலாளர், சமூகவழி மறுவாழ்வுப் பணியாளர் முதலியோர் இருக்கிறார்கள், நம் பணி தனி வகையாக அங்கே இல்லை. 2021இல் நிறைவேறிய இணை மருத்துவ, நலப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், கலை, நடன அசைவுச் சிகிச்சையாளர்களோடு சேர்த்துப் பொழுதுபோக்குச் சிகிச்சையாளரும் குறிப்பிடப்பட்டிருக்கிறார். உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டிலும் 2269 என்ற எண்ணின் கீழ் இப்பணி இடம்பெறுகிறது. ஆகவே பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறது, நம் ஊரில் அதற்கான கல்லூரிப் பாதைதான் இன்னும் தெளிவாக அமையவில்லை. நடைமுறையில் இந்த வேலையில் இருப்பவர்கள் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை), சிறப்புக் கல்வி, சமூகப்பணி, உளவியல், செவிலியம், உடற்கல்வி என்று வெவ்வேறு வாசல்கள் வழியாக வந்தவர்கள். வாசல் வேறு என்பதால் ஒவ்வொருவருக்கும் இருக்கும் ஓட்டையும் வேறு. உடற்கல்வி படித்தவருக்கு நோய் தெரியாது, செவிலியம் படித்தவருக்கு விளையாட்டு தெரியாது. தன் ஓட்டை எது என்று அறிந்துகொள்வதே முதல் பாடம் என்று சேர்பவர்களிடம் சொல்லி வருகிறேன்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்துகொண்டு எங்கே போய்க் கற்பது?

நாம் நினைப்பதைவிட நமக்கு இடவசதி நன்றாகவே இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அங்கே நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் மனநல மறுவாழ்வுக்கென்று தனிப்பிரிவு இயங்குகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966இல் மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் தொடங்கியது. விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, அதே துறையை இங்கே நிலைநாட்டியவர் அவர். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005இல் அமைக்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனுடையோருக்கான தேசிய நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர்களுக்கான தொடர்கல்வி வகுப்புகளும் இத்தகைய நிறுவனங்களில் நடக்கின்றன. இணையத்தில் கற்க விரும்புவோருக்கு மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் உளவியல், முதுமையியல் சார்ந்த பாடங்கள் கிடைக்கும்.

இவற்றைக் காட்டிலும் அருகில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன் பணியாளர்கள் வீட்டுக்கு வீடு சென்று மருந்து கொடுப்பதோடு, படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் அளிக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பழகினால், ஒரு நோயாளியின் வீடு எப்படி இருக்கிறது, திண்ணை உண்டா, கழிப்பறைக்கு எத்தனை படி, மாலையில் யார் வந்து பேசுகிறார்கள் என்ற விவரங்கள் கிடைக்கும். நம் ஆக்டிவிட்டி ஹாலுக்குள் உட்கார்ந்துகொண்டு இவற்றை அறிய வழியில்லை.

சான்றிதழ்கள் சேர்த்தால் அது வளர்ச்சி ஆகாதா?

ஆகும், ஓரளவுக்கு. பதிவைப் புதுப்பிக்கவும் சம்பள உயர்வு கேட்கவும் தாள் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். என்னிடமே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றுள் எத்தனை என் வேலையை மாற்றின என்று கணக்குப் பார்த்தால் இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது. பயிற்சி முடிந்து திரும்பிய வாரத்திலேயே அங்கே கற்ற ஒன்றை, ஒன்றை மட்டும், ஒருவரிடம் நடைமுறைப்படுத்திப் பார்த்துக் குறித்து வைக்காவிட்டால், பயிற்சியில் கிடைத்தது மதிய உணவோடு முடிந்துவிட்டது என்றே பொருள்.

அப்படி என் வேலையை மாற்றியவற்றுள் ஒன்று, முதுமை மறதி நோயாளிகளுக்கான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை. பிரிட்டனில் உருவாக்கப்பட்ட இம்முறையில் வாரம் இரண்டு முறை, ஏறத்தாழ 45 நிமிடமாக, ஏழு வாரங்களில் 14 அமர்வுகள் நடக்கும். இதைத் தமிழ் பேசும் முதியோருக்கு ஏற்பச் சென்னையில் தழுவி அமைத்திருக்கிறார்கள். இதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, விவரம் கேட்காமல் கருத்துக் கேட்பது. அதைக் கற்பதற்கு முன் நான் குழுவில் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, நினைவில்லாதவர்களைத் தலைகுனிய வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மாம்பழப் பருவத்தில் பெங்களூரா ஒன்றும் மல்கோவா ஒன்றும் கையில் கொடுத்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி, எது பிடிக்கிறது, ஏன் என்று கேட்கிறேன். கருத்துக்குத் தவறான விடை கிடையாது. பெங்களூராவைக் கூழ் ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும், மனிதர் தின்னக் கூடாது என்று ஒரு பெரியவர் அரை மணி நேரம் வாதாடினார். அதற்கு முந்தைய மாதம் அவர் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியதில்லை.

நோயாளிகளிடமிருந்து கற்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது நடைமுறையில் எப்படி?

பெரும்பாலும் நாம் அவமானப்படும்போதுதான். பாலக்கோடு பக்கத்திலிருந்து பக்கவாதத்துக்குப் பின் வலக்கை பலவீனமாகி ஒரு அம்மா வந்திருந்தார், அறுபது வயதை ஒட்டியவர். விரல் பிடிமானத்துக்காகப் பல்லாங்குழி நல்லது என்று முடிவு செய்து, பலகையோடு ஒரு கிண்ணம் புளியங்கொட்டையையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் கொட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முப்பது வருசமா இதைத்தானே நோண்டினேன், இங்கயும் இதுதானா டீச்சர்?" என்றார். பிறகுதான் விசாரித்தேன். புளி தட்டிக் கொட்டை எடுத்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்கியவர் அவர். நம் மாவட்டத்தில் மாசி, பங்குனியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அந்தக் கொட்டை அவருக்குக் கூலி வேலையின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

அவர் கேட்டது கோலப்பொடி. வேலைக்குப் போகும் அவசரத்தில் வாழ்நாள் முழுக்க நான்கு புள்ளிக்கு மேல் வைத்ததில்லை என்றும், பெரிய கோலம் போட ஆசை என்றும் சொன்னார். பொடியைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் நடுவில் பிடித்து அளவாக விடுவது முத்தை எடுப்பதைவிடக் கடினமான விரல்வேலை. நான் திட்டமிட்டதைவிட நல்ல பயிற்சியை அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். முதல் பத்து நாட்கள் கோடு எறும்பு ஊர்ந்தது போலக் கோணிக்கொண்டு போயிற்று. வலக்கை முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அவர் கோலத்தை விடவில்லை என்று மகள் சொன்னார்.

அன்றிலிருந்து ஆய்ந்தறியும் தாளில் "பிடித்த பொழுதுபோக்கு என்ன?" என்ற கேள்விக்கு முன்னால், "கூலிக்காக எதைச் செய்தீர்கள்? செய்ய ஆசைப்பட்டு நேரம் கிடைக்காமல் போனது எது?" என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். ஒருவருக்கு ஓய்வாக இருப்பது இன்னொருவருக்கு உழைப்பு என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், படித்தது போதவில்லை. இதே கேள்வியை ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவரிடம் கேட்டாலும், குவாரியில் கல் உடைத்தவரிடம் கேட்டாலும், விடை வேறு வேறாக வரும்.

நாட்குறிப்பு எழுத வேண்டும் என்கிறீர்கள். அதில் என்ன எழுதுவது?

கேஸ் ஷீட்டில் எழுதுவதைத் திரும்ப எழுத வேண்டாம். அது நோயாளியைப் பற்றியது, இது உங்களைப் பற்றியது. நான் ஒரு நாளைக்கு நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, நடுவில் நான் என்ன செய்தேன், அடுத்த முறை எதை மாற்றுவேன். உதாரணத்துக்கு என் பழைய நோட்டிலிருந்து ஒரு பதிவு:

"ஆடு புலி ஆட்டம், என்னையும் சேர்த்து ஆறு பேர். மூன்று புலி எனக்கு, 15 ஆடும் அவர்களுக்கு. சேர்ந்து பேசி நகர்த்த வேண்டும் என்பது திட்டம். பேசவில்லை. மூத்தவர் ஒருவரே எல்லா ஆட்டையும் நகர்த்தினார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்பட்டு மூன்று முறை யோசனை சொன்னேன், அதனால் அமைதி இன்னும் கூடிற்று. நாளை ஆளுக்கு மூன்று ஆடு கையில் கொடுத்துவிட வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது."

இப்படிப்பட்ட குறிப்புகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் படித்துப் பாருங்கள். "அவசரப்பட்டு" என்ற சொல் என் நோட்டில் எத்தனை முறை வந்திருந்தது என்று கண்டபோதுதான் என் குணம் எனக்குத் தெரிந்தது. நோயாளியின் பெயரையோ ஊரையோ இந்த நோட்டில் எழுதாதீர்கள், பேருந்தில் தவறவிட்டாலும் யாருக்கும் தீங்கு நேராதபடி இருக்க வேண்டும்.

நம் பகுதிக் கலைகளையும் விளையாட்டுகளையும் யாரிடம் கற்பது?

ஆடத் தெரிந்தவர்களிடம். பம்பரம், கிட்டிப்புள், ஐந்தாங்கல், தாயம் ஆகியவற்றின் விதிகள் ஊருக்கு ஊர் மாறுபடும். இணையத்தில் ஒரே விதியைப் படித்துவிட்டு வந்து, அரூர்ப் பக்கத்துப் பாட்டியிடம் "இப்படித்தான் ஆட வேண்டும்" என்று சொன்னால் அவர் அன்றோடு விளையாட்டை விட்டுவிடுவார். விதியை அவர் நமக்குச் சொல்லித் தரட்டும். அதுவரை வாங்கிக்கொள்ளும் இடத்திலேயே இருந்த மனிதர், அந்த அரை மணி நேரம் கொடுக்கும் இடத்துக்கு மாறுகிறார். இதற்காகவே எனக்குத் தெரிந்த விளையாட்டைக்கூடத் தெரியாதது போலக் கேட்டதுண்டு. ஆனால் பொய்யாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெருக்கூத்து நம் இரு மாவட்டங்களின் பெருஞ்செல்வம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பல இரவுகள் நடந்து, துரியோதனன் படுகளத்தோடு முடிவதைப் பார்த்து வளர்ந்த முதியோருக்கு, முகவீணை ஒலி கேட்டவுடன் உடல் நிமிர்வதைக் கண்டிருக்கிறேன். கூத்துக் கலைஞர்களிடம் நான் கற்றதில் முதன்மையானது, கூத்தை அறிவித்து நடத்திச் செல்லும் கட்டியங்காரனின் வேலை. அவன் கதைக்குள்ளும் இருப்பான், கூட்டத்தோடும் பேசுவான். கதை தொய்ந்தால் தூக்கிவிட்டு, வேடம் உள்ளே வந்ததும் ஒதுங்கிக்கொள்வான். குழு அமர்வை நடத்துபவருக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை எந்தப் பயிலரங்கிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மொழி ஒரு தடையாக இருக்கிறதா?

கிருஷ்ணகிரியில் கட்டாயம் இருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகள். முதுமை மறதியில் பின்னால் கற்ற மொழி முன்னால் மங்குவதைப் பலரிடம் காணலாம். ஐம்பது ஆண்டுகள் தமிழில் வியாபாரம் செய்தவர் ஒருநாள் தெலுங்கில் மட்டும் பேசத் தொடங்குவார். அவர் பிடிவாதம் பிடிப்பதாக வார்டில் நினைத்துக்கொள்வார்கள். தண்ணீர், வலி, போதும், வீடு, அம்மா, நன்றாக இருக்கிறது என்பவை போன்ற நாற்பது சொற்களையும் ஒரு தாலாட்டையும் ஒவ்வொரு மொழியிலும் கற்று வைத்துக்கொண்டால் பாதி வேலை நடக்கும். என் தெலுங்கைக் கேட்டு அவர்கள் சிரிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன்.

மருத்துவ அறிவு நமக்கு எவ்வளவு வேண்டும்?

நாம் மருந்து எழுதுவதில்லை என்பதால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, சித்திரை மாதத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு குழுவைத் தோட்ட வேலைக்கு வெளியே அழைத்துப்போனேன். அதில் ஒருவர் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும் என்பது எனக்குத் தெரியாது. கை நடுங்குவதைப் பார்த்தும் களைப்பு என்று எண்ணி இன்னும் பத்து நிமிடம் நிற்கவைத்தேன். வாந்தி எடுத்து நிலைதடுமாறிய பிறகுதான் செவிலியரைக் கூப்பிட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார். தவறு முழுவதும் என்னுடையது. மருந்துப் பட்டியல் ஹாலுக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு, என்னிடம் வருவோர் உண்ணும் ஒவ்வொரு மருந்துக்கும் வெயில், தண்ணீர், தூக்கம், தலைசுற்றல், நடை ஆகிய ஐந்தோடு என்ன தொடர்பு என்று மட்டும் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் பொசுங்கும். மனநோய்க்கான பல மருந்துகள் உடலின் வெப்பச் சமநிலையையே பாதிக்கும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவரைச் சூடேறிய சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு பாண்டி ஆடவிடக் கூடாது. வலிப்பு உள்ளவரைத் துணையின்றி நீரில் இறக்கக் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்தக் கிணற்று நீரைக் குடித்த முதியோரின் முதுகும் மூட்டும் இறுகியிருக்கலாம். அவர்கள் குனிய மறுப்பது சோம்பலாக இருக்காது. வெளியூரிலிருந்து வரும் பயிற்சியாளர்கள் காட்டும் நீட்டல் பயிற்சிகளை இங்கே அப்படியே செய்யவைப்பதற்கு முன், பிசியோவிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

ஆங்கிலம் சரளமாக வராமல் இத்துறையில் வளர முடியுமா?

முடியும். படித்துப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம் போதும். பேசும் ஆங்கிலத்துக்காக வெட்கப்பட்டுக் கூட்டங்களில் வாய்மூடி இருப்பவர்களிடம்தான் பெரும்பாலும் சொல்லத்தக்க விஷயம் இருக்கிறது.

மேலதிகாரிகள் கற்பதற்கு நேரமோ பணமோ ஒதுக்குவதில்லை. என்ன செய்வது?

ஆர்வத்தைக் காட்டிக் கேட்டால் கிடைப்பது அரிது, கடமையைக் காட்டிக் கேட்டால் சில நேரம் கிடைக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மனநலக் காப்பகங்களில் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் நியாயமான வசதி இருக்க வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்குகொள்ளும் உரிமையைப் பேசுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2001இல் ஏற்ற, மனிதரின் அன்றாடச் செயல்களையும் அவற்றிலுள்ள குறைகளையும் வகைப்படுத்தும் செயற்பாட்டு வகைப்பாட்டிலும் பொழுதுபோக்குக்கு டி920 என்ற தனிக்குறியீடு உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கேட்கக்கூடிய பதிவேட்டை நான் தயார் செய்து வைக்கிறேன், அதற்கு மாதம் ஒரு பிற்பகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு அந்தப் பிற்பகல் கிடைக்க மூன்று கடிதங்கள் ஆயின. கிடைக்காத காலத்தில் நாங்கள் நான்கு பேர், நான்கு வெவ்வேறு மையங்களிலிருந்து, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஒரு டீக்கடை பெஞ்சில் கூடி, அந்த மாதத்தில் தோற்றுப்போன ஓர் அமர்வை மட்டும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொள்வோம். வெற்றிக்கதை சொல்லக் கூடாது என்பது விதி. அந்த பெஞ்சில் கற்றது அதிகம்.

பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன, எல்லாம் தெரிந்துவிட்டது போலவும் சலிப்பாகவும் இருக்கிறது. இது இயல்பா?

இயல்பு. செயலின் சவால் திறமைக்கு மேலே போனால் பதற்றம் வரும், திறமை சவாலுக்கு மேலே போனால் சலிப்பு வரும், இரண்டும் ஒத்து நிற்கும்போதுதான் மனம் அதில் தோய்ந்துபோகும் என்று உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிஹாய் விளக்கினார். நோயாளிகளுக்குச் செயலைத் தேர்ந்தெடுக்கும்போது இதை அளந்து பார்க்கும் நாம், நமக்கு மட்டும் அளப்பதில்லை. முதியோரிடம் பத்தாண்டு இருந்தவர் குழந்தைகள் மையத்துக்கு ஒரு மாதம் மாற்றல் கேட்டுப் பார்க்கலாம், இளையவர் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கலாம். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று புதியவர் கேட்கும்போது நம்மிடம் காரணம் இருக்காது, பழக்கம் மட்டும் இருக்கும்.

ஆனால் எல்லாச் சோர்வும் சலிப்பு ஆகாது. ஆறு மாதம் உழைத்துத் தேற்றி அனுப்பியவர் மீண்டும் அதே நிலையில் திரும்பி வரும்போதும், தினமும் தாயம் உருட்டியவரின் கட்டில் ஒரு காலையில் காலியாக இருக்கும்போதும் வருவது வேறு வகை. அதற்குப் புதுப் பாடம் மருந்தாகாது. துக்கம் என்று அதன் பெயரைச் சொல்லி, சக பணியாளரோடு பேச வேண்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநலத் துறையில் வேலை செய்பவர்களே அந்த மருத்துவரிடம் போகக் கூச்சப்படுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்களுடைய சொந்தப் பொழுதுபோக்கு என்ன?

இந்தக் கேள்வியை ஒரு நோயாளி கேட்டபோது எனக்கு விடை இல்லை. வேலை முடிந்தால் சமையல், சமையல் முடிந்தால் தூக்கம். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் ஓய்வுநேரத்தைப் பற்றி அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமைகளில், கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் பாப்பாரப்பட்டிக்குப் போய்க் கற்கிறேன். தொடங்கிய மூன்றாம் வாரம் அவர் பேரனின் முன்னால் என் விரலைத் தட்டி, "அம்மா, பாட்டைக் கேட்டுட்டு அப்புறம் கையை வைங்க" என்றார். பையன் சிரித்தான். அடுத்த இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன். என் ஹாலில் "இன்று தலைவலி" என்று சொல்லிப் படுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களை நான் எத்தனை முறை எல்லோர் முன்னாலும் திருத்தியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மறுநாளிலிருந்து, யாரையாவது திருத்த வேண்டுமானால் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறேன். மூன்றாம் ஞாயிறு பாப்பாரப்பட்டிக்குத் திரும்பப் போனேன். துருத்தியை இழுக்கும் இடக்கையும் கட்டையை அழுத்தும் வலக்கையும் இன்னும் ஒன்றுக்கொன்று இணங்கவில்லை.